வன்னியின் உதைபந்தாட்ட லீக்குகளுக்கும் விளையாட்டுக்கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்: வீரருக்கு நிர்வாகசபையில் இடம் கொடுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் உதைபந்தாட்ட லீக் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், பதிவுபெற்ற விளையாட்டுக்கழகங்களின் நிர்வாகசபையினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். லீக்கின் யாப்பைத் திருத்தி, விளையாடுகிறவர்களுக்கும் அண்மையில் ஓய்வுபெற்றவர்களுக்கும் நிர்வாகசபையில் வாக்குரிமையுள்ள ஆசனங்களை ஒதுக்குங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட சபையென்றால் மூன்று ஆசனம் போதும். அதில் ஒன்று கட்டாயம் ஒரு வீராங்கனைக்கு. பொன்னாடை போர்த்துவதையும் போசகர் பட்டியலில் பெயர் போடுவதையும் நாம் கேட்கவில்லை. கணக்கைப் புரட்டிப் பார்க்கவும், கூட்டறிக்கையில் பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும், தீர்மானத்துக்கு எதிராகக் கை உயர்த்தவும் முடிகிற ஆசனத்தைக் கேட்கிறோம்.

தேர்தல் அறிவித்தல் வந்தால் ஊரில் பெயர்பெற்ற ஆட்டக்காரரின் வீட்டுப் படலையைக் கட்சிகள் தட்டும். அவருக்கு வாக்கு விழும் என்பது கட்சிகளின் கணக்கு. தெரிவானபின் சபையில் வரவு செலவுத் திட்டத்தை எப்படி வாசிப்பது, ஒழுங்குப் பிரச்சினையை எப்போது எழுப்புவது என்பதை அவருக்கு யார் பழக்கினார்கள்? பழக்கக்கூடிய இடம் உங்கள் லீக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்குள் அவர் இதுவரை வரவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெளியே நின்றார்.

உலகப் புகழ்பெற்ற வீரர்களுக்கே இந்த இடைவெளி என்ன செய்தது என்பதற்கு 2022 ஆம் ஆண்டு இரண்டு சான்றுகளைத் தந்தது. அந்த ஏப்ரலில் ஐவரி கோஸ்ட் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் பதவிக்கு டிடியே ட்ரொக்பா போட்டியிட்டார். நாட்டில் அவரைவிடப் பெயர்பெற்ற மனிதர் அரிது. முதல் சுற்றிலேயே மூன்றாமிடத்துக்குப் போய் வெளியேறினார். செப்டெம்பர் 2 ஆம் திகதி அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத் தேர்தலில் முன்னாள் அணித்தலைவர் பாய்ச்சுங் பூட்டியா, முன்னாள் கோல்காப்பாளர் கல்யாண் சௌபேயிடம் 33க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். இரண்டு தேர்தலிலும் வாக்களித்தவர்கள் இரசிகர்கள் அல்லர். சங்கங்களின், கழகங்களின் பிரதிநிதிகள். பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற நட்சத்திரம் உள்ளே நுழைந்தபோது அவருக்கு ஆள் இருக்கவில்லை. பூட்டியா பொதுத் தேர்தல்களிலும் 2014 முதல் 2024 வரை பலமுறை நின்று, ஒன்றிலும் வெல்லவில்லை.

இந்தியத் தேர்தலுக்கு முன் நடந்தது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். வாக்காளர் பட்டியலில் சரிபாதியைத் தனிப்பட்ட முன்னாள் வீரர்களுக்குக் கொடுக்கும் யோசனையை பீஃபா ஏற்கவில்லை. அந்த இழுபறி, வெளித்தலையீடு என்ற குற்றச்சாட்டோடு சேர்ந்து 2022 ஆகஸ்ட் 15 இல் இந்தியாவின் இடைநிறுத்தத்தில் முடிந்தது. ஆகஸ்ட் 26 இல் தடை நீங்கியது. கடைசியில் எட்டப்பட்ட ஒழுங்கு இது: 23 பேர் கொண்ட நிர்வாகசபையில் 17 பேர் தெரிவாவர், 6 பேர் முன்னாள் வீரர்கள், அவர்களில் 2 பேர் பெண்கள். வீரருக்கு ஆசனம் கொடுத்தால் பீஃபா விடாது என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நிர்வாகசபையில் ஏறத்தாழக் கால்வாசிப் பங்கு ஏற்கப்பட்டது, வாக்காளர் பட்டியலில் பாதி ஏற்கப்படவில்லை. பன்னிரண்டில் மூன்று என்று நாம் கேட்பது அதனால்தான்.

உதைபந்தாட்ட வீரராக இருந்து ஜனாதிபதியான ஜோர்ஜ் வேயாவின் வாழ்க்கையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லைபீரியாவின் மொன்றோவியாவில் வறிய குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். 1995 இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து (Ballon d'Or) விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற ஆபிரிக்க நாட்டு வீரர் அவர் மட்டுமே. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 2005 இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று முதல் சுற்றில் முன்னணிக்கு வந்தார். இரண்டாம் சுற்றில் எலன் ஜோன்சன் சேர்லீஃபிடம் தோற்றார். ஹாவர்டில் படித்த பொருளியலாளருக்கு எதிரில் பாடசாலைப் படிப்பையே முடிக்காத வேட்பாளர் என்பது அந்தத் தேர்தல் முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. நாற்பது வயதில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற்றார். பிறகு அமெரிக்காவில் வணிக நிர்வாகத்தில் பட்டம் முடித்தார். 2011 இல் உப ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றார். 2014 இல் செனட்டரானார். 2017 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் வென்று 2018 ஜனவரியில் ஜனாதிபதியானார். முதல் தோல்விக்கும் பதவியேற்புக்கும் இடையில் 12 ஆண்டுகள். பதினெட்டு, இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டிய படிப்பை நாற்பதில் தேடியதால் கழிந்த ஆண்டுகளும் அவற்றில் அடக்கம்.

பதவியில் எது பிழைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் அவரது அலுவலகப் பிரதானி உட்பட மூன்று உயர் அதிகாரிகள்மீது ஊழல் குற்றச்சாட்டில் அமெரிக்கா தடை விதித்தது. போர்க்காலக் குற்றங்களுக்கு ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2009 இலேயே பரிந்துரைத்திருந்தது. வேயாவின் ஆறு ஆண்டுகளிலும் அது அமைக்கப்படவில்லை. அதற்கான அலுவலகத்தை உருவாக்கும் கட்டளையில் 2024 இல் கையெழுத்திட்டவர் அடுத்த ஜனாதிபதி. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் கொட்டகை போட்டு அமர்ந்திருக்கும் எமது மாவட்டங்களில் இதன் கனத்தை விளக்கத் தேவையில்லை. அதேவேளை 2023 நவம்பரில் ஒன்றரை வீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றபோது, இறுதி முடிவு வரும்வரை காத்திராமல் வேயா தோல்வியை ஏற்று எதிராளியை அழைத்து வாழ்த்தினார். ஆயுதத்தால் ஆட்சி மாறிப் பழகிய நாட்டில் அது பெரிய பொதுப்பணி.

அரசிலும் சட்டசபையிலும் வேலை செய்த வீரர்களும் இருக்கிறார்கள். பெலே 1995 இல் பிரேசிலின் விளையாட்டு அமைச்சரானார். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கழகம் தன் பிடியில் வைத்திருக்கும் முறை அங்கே இருந்தது. அதை ஒழிக்கும் சட்டம் 1998 மார்ச்சில் அவர் பெயரிலேயே நிறைவேறியது. ரொமாரியோ 2010 இல் பாராளுமன்றத்துக்கும் 2014 இல் செனட்டுக்கும் தெரிவானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 2015 ஆம் ஆண்டின் விரிவான சட்டத்தைச் செனட்டில் கையாண்ட அறிக்கையாளர் அவர்தான். அதே ஆண்டு பிரேசில் உதைபந்தாட்ட நிர்வாகத்தை விசாரித்த செனட் குழுவுக்கும் அவரே தலைவர். போரில் கையும் காலும் கண்ணும் இழந்தவர்கள் இத்தனைபேர் வாழும் வன்னியில், ஊனமுற்றோருக்கான சரிவுப்பாதை எந்தப் பிரதேச சபைக் கட்டிடத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்கும் முன்னாள் வீரர் ஒருவர் சபையில் இருந்தால் எவ்வளவு வேலை நடக்கும்!

நிர்வாகம் பழகும் இடமாக ஒரு லீக் இருக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு ரொபன் தீவுச் சிறை விடை சொல்கிறது. தென்னாபிரிக்காவின் அரசியல் கைதிகள் 1960களின் பிற்பகுதியில் பல ஆண்டுகள் வாதாடி விளையாட அனுமதி பெற்றார்கள். மக்கானா உதைபந்தாட்டச் சங்கம் என்ற பெயரில் மூன்று பிரிவுகள் கொண்ட லீக்கை நடத்தினார்கள். பீஃபா விதிகளின்படிதான் ஆட்டம். யாப்பு எழுதினார்கள், நடுவர்களைப் பயிற்றுவித்தார்கள், ஒழுக்காற்று விசாரணை வைத்தார்கள். 1970 இல் ஒரு போட்டி முடிவு பற்றிய முறைப்பாட்டை மாதக்கணக்கில் விசாரித்தார்கள். அந்தக் கையெழுத்துக் கடிதங்கள் பெட்டி பெட்டியாக இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த டிக்காங் மொசெனெக்கே, பதினைந்து வயதில் சிறை சென்று பத்து ஆண்டுகள் அங்கே கழித்தவர். பின்னாளில் தென்னாபிரிக்காவின் துணைப் பிரதம நீதியரசர் ஆனார். 2007 இல் பீஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ அங்கத்துவம் வழங்கியது. கல்லுடைத்துவிட்டு வந்த கைகளால் கூட்டறிக்கை எழுத முடிந்ததென்றால் எமது லீக்கிலும் முடியும்.

இனி எமது ஊர் நடைமுறை. ஆசனம் கொடுத்துவிட்டு வீரரைச் சும்மா உட்கார வைத்தால் பயனில்லை. வேலை கொடுக்க வேண்டும். முதல் வேலை கூட்டறிக்கை. வழமையான குறை என்ன? கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவது. “தீர்மானிக்கப்பட்டது” என்று மட்டும் எழுதிவிட்டு யார் செய்வது, எப்போது முடிப்பது என்பதை விடுவது. பக்க இலக்கமிட்ட கட்டுக்கொப்பி ஒன்றில், கூட்டம் நடக்கும்போதே எழுத வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இலக்கம், பிரேரித்தவர், வழிமொழிந்தவர், பொறுப்பாளர், முடிக்கும் திகதி என்ற ஐந்தும் வேண்டும். எதிர்த்தவர் தன் பெயரைப் பதியச் சொன்னால் பதிய வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் அலுவல் அதை வாசித்து உறுதிப்படுத்துவது. இந்த ஒழுங்கில் ஓராண்டு எழுதிய வீரருக்குப் பிரதேச சபையின் கூட்டறிக்கை புதிதாகத் தெரியாது.

அடுத்தது காசு. சுற்றுப்போட்டி வந்தால் அணிக்கட்டணம், அனுசரணை, புலம்பெயர்ந்த ஊரவரின் உதவி என மூன்று வழியில் பணம் வரும். மூன்றாவது வழிதான் அதிகம் சிக்குகிறது. கழகத்துக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வரும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் பின்னர் நிரூபிக்க முடியாமல் நிற்பார். கழகப் பதிவுச் சான்றிதழ், யாப்பின் பிரதி, கணக்குத் திறக்கும் தீர்மானம் ஆகியவற்றோடு வங்கிக்குப் போய், மூவரில் இருவர் கையெழுத்திடும் வகையில் கணக்கைத் திறவுங்கள். தொடர் இலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம். அனுசரணையாளர் ஜேர்சியாகவோ பந்தாகவோ கொடுத்தால் பெறுமதியோடு பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள். பெரும்பாலும் விடுபடுவது இதுதான். இறுதிப்போட்டி முடிந்து இரண்டு கிழமைக்குள் வரவு செலவுக் கூற்றை மைதான அறிவித்தற் பலகையில் ஒட்ட வேண்டும்.

இதற்கும் பொதுப்பணிக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, வேட்பாளர் ஒவ்வொருவரும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் தன் வரவு செலவு விபரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும், வென்றவரும் தோற்றவரும். சுற்றுப்போட்டிக் கணக்கை இரண்டு கிழமையில் முடித்துப் பழகியவருக்கு இது சுமையல்ல. பழகாதவர் பற்றுச்சீட்டைத் தேடுவார். வேட்புமனுவும் அப்படியே. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உரியவாறு உறுதிப்படுத்தப்படாதது ஒரு காரணம். விடயம் நீதிமன்றம்வரை போனது. வீரர் பதிவுப் படிவங்களையும் வயதுச் சான்றுகளையும் சரிபார்த்த அனுபவமுள்ள லீக் செயலாளர் ஒருவருக்கு இந்தக் குறை முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

முறைப்பாடு விசாரிப்பதுதான் எமது லீக்குகளில் மிகப் பலவீனமான இடம். நடுவரின் தீர்ப்பில் சண்டை மூண்டால் பெரியவர்கள் நின்று “இருதரப்பும் விடுங்கோ” என்று சமாதானம் பேசி முடிக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே இரு கழகங்களும் மீண்டும் மோதும். காரணம், உண்மை என்ன என்று ஒருவரும் எழுத்தில் தீர்மானிக்கவில்லை. முறைப்பாடு மறுநாள் மாலைக்குள் எழுத்தில் வரட்டும். முதலில் நடுவரின் அறிக்கை, பிறகு இரு அணித்தலைவர்கள், பிறகு சாட்சி. ஒரு கிழமைக்குள் விசாரணை; முடிவோடு காரணமும் எழுத்தில். சம்பந்தப்பட்ட கழகத்தின் ஆள் லீக் தலைவராகவே இருந்தாலும் அன்று அந்த மேசையில் அமரக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனென்றால் எமது ஊர்களில் லீக் நிர்வாகி எல்லாருமே ஏதோ ஒரு கழகத்தின் நிர்வாகியும்கூட. வெவ்வேறு கழகங்களின் வீரர் பிரதிநிதி மூவர் இருந்தால், சம்பந்தமில்லாத ஒருவரையாவது எப்போதும் கண்டுபிடிக்கலாம்.

மைதானக் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் எத்தனையோ மைதானங்கள் யாருடைய காணி என்று எழுத்தில் தெளிவில்லாமல் கிடக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் போடும் பொறுப்பை வீரர் பிரதிநிதியிடம் கொடுங்கள். கேள்வி குறுகியதாக இருக்கட்டும்: காணித்துண்டின் இலக்கம், உரிமை, ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதி. “மைதானத்துக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் கேட்பதல்ல, விளக்கம் கேட்பது. கையேற்றதற்கான ஒப்புகையை வாங்கத் தவற வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. காணி தெளிவானபின் மைதான வேலைக்கான கோரிக்கையைப் பிரதேச சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன், ஒக்டோபர் முடிவதற்குள் கொடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் ஒதுக்கீடு முடிந்திருக்கும். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த இடத்துக்கு உங்கள் வீரர் ஒருவரின் பெயரை முன்மொழியுங்கள். தேர்தலில் நிற்காமலே சபையின் வேலையைப் பார்த்துப் பழக அது நல்ல வழி.

இராஜதந்திரப் பணி பற்றி ஊரில் உள்ள விளக்கம் மங்கலானது. நல்லெண்ணத் தூதர் வேறு, தூதுவர் வேறு. வேயா 1997 முதல் யுனிசெப்பின் நல்லெண்ணத் தூதராக இருந்தார். ட்ரொக்பாவுக்கும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளில் அப்பணி கிடைத்தது. அது கௌரவப் பணி, அரசின் குரலல்ல. தூதுவராக அனுப்ப 1961 ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின் 4 ஆம் உறுப்புரைப்படி ஏற்கும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும். 42 ஆம் உறுப்புரைப்படி, அங்கே பணியிலிருக்கும்போது சொந்த இலாபத்துக்காகத் தொழிலோ வணிகமோ செய்ய முடியாது. விளம்பர ஒப்பந்தம் வைத்திருக்கும் முன்னாள் வீரர் அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எமது நாட்டில் வெளியிலிருந்து நியமிக்கப்படும் தூதுவர் பெயர்கள் பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவின் முன் செல்கின்றன. வெளிநாட்டுச் சேவையில் போட்டிப் பரீட்சை மூலம் சேரப் பட்டமும் வயதெல்லையும் உண்டு. அந்த வயதெல்லை ஒரு தொழில்முறை வீரர் ஓய்வுபெறும் வயதுக்கு முன்பே கடந்துவிடும். ஆகவே இந்தப் பாதையை விரும்பும் பிள்ளை இருபதின் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

வெளிநாட்டில் பிறந்த எமது பிள்ளைகள் இலங்கை அணிக்கு விளையாட வருகிறார்கள், மகிழ்ச்சி. இரட்டைக் குடியுரிமையோடு அணியில் ஆடலாம். ஆனால் 2022 ஒக்டோபரில் நிறைவேறிய 21 ஆவது திருத்தத்தின்பின் இரட்டைக் குடியுரிமையுள்ளவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது. பிற்காலத்தில் அரசியலை எண்ணுபவர் குடியுரிமைப் படிவத்தில் கையெழுத்திடும் நாளிலேயே இதை அறிந்திருக்க வேண்டும்.

வீரர் ஒருவரின் சொல் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதையும் ட்ரொக்பாவிடமே காணலாம். 2005 ஒக்டோபர் 8 இல் சூடானை வென்று ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக்கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற இரவு, உடைமாற்றும் அறையில் ஒலிவாங்கியைப் பிடித்து, சக வீரர்களோடு முழந்தாளிட்டு, உள்நாட்டுப் போரால் பிளவுபட்டிருந்த தன் நாட்டிடம் ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு கேட்டார். 2007 மார்ச்சில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஜூனில் கிளர்ச்சியாளரின் கோட்டையான புவாக்கேயில் மடகாஸ்கருக்கு எதிரான போட்டி நடந்தது. அங்கே அதை நடத்தக் கேட்டவர் அவர். ஆனால் 2010 தேர்தலின் பின் மீண்டும் மூண்ட மோதலில் சுமார் 3000 பேர் மாண்டனர். 2011 இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவில் அவர் உறுப்பினரானார். 2014 இறுதியில் கையளிக்கப்பட்ட அதன் அறிக்கை மக்கள் கைக்கு வர மேலும் காலம் எடுத்தது. உருக்கமான வேண்டுகோள் கதவைத் திறந்தது. உள்ளே போய் வேலையை முடிக்க வலுவான நிறுவனம் இருக்கவில்லை.

காலிதா பொப்பாலை எமது வீராங்கனைகள் அறிய வேண்டும். ஆப்கானிஸ்தான் பெண்கள் அணியின் முதல் தலைவியான அவர், சம்மேளனத் தலைவர் வீராங்கனைகளுக்குச் செய்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தார். 2019 இல் அந்தத் தலைவருக்கு பீஃபா ஆயுள் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, வெளிநாட்டிலிருந்தபடி வீரர் தொழிற்சங்கத்தோடும் அரசுகளோடும் பேசி, வீராங்கனைகளும் குடும்பத்தினருமாக 70க்கு மேற்பட்டோரை விமானமேற்ற உதவினார். அந்த நாட்களில் கைகொடுத்தவை பெயர்ப்பட்டியலும் கடவுச்சீட்டு விபரமும் யாரை எந்த வாசலுக்கு அனுப்புவது என்ற தகவலும். இங்கே உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கீடு உண்டு. கட்சிகள் கடைசி நேரத்தில் பெயர் தேடுகின்றன. நிர்வாகம் பழகிய வீராங்கனை இருந்தால் அந்த ஆசனத்தில் குரல் இருக்கும்.

மொழியும் படிப்பும் லீக்கின் வேலையா என்று கேட்பீர்கள். ஆம், ஏனென்றால் தடையாக நிற்பது உங்கள் போட்டி அட்டவணை. சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னான ஆறு கிழமைகளில் 17 வயதுக்குட்பட்டோருக்குப் போட்டி வைக்காதீர்கள். கணிதத்திலும் மொழியிலும் சித்தியடையாமல் நின்றுபோன திறமையான ஆட்டக்காரர்கள் கரையோரக் கிராமங்களிலும் குடியேற்றத் திட்டக் கிராமங்களிலும் நிறையப்பேர். அவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கற்கைநெறிகள் உண்டு. விண்ணப்ப அறிவித்தலை லீக் பலகையில் ஒட்டுங்கள். நவம்பர், டிசம்பரில் மழைக்கு மைதானம் நீரில் நிற்கும், மற்ற மாதங்களில் பயிற்சி. அந்த எட்டுக் கிழமையைச் சிங்கள வகுப்புக்கு எடுங்கள். அரச சேவையில் சேர்பவர் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். பலர் அங்கேதான் பதவி உயர்வில் தேங்குகிறார்கள். கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையை வீரரைக்கொண்டு தமிழில் எழுதுவிப்பது நல்ல பயிற்சி. அது தமிழில் வர வேண்டியது எமது உரிமை என்று பதில் எழுதுவதும் அதே பயிற்சியின் பகுதி.

ஒரு எச்சரிக்கை. வீரர் பிரதிநிதி தேர்தலில் நின்றால், வேட்புமனுக் கையளிக்கும் நாளிலிருந்து முடிவு வரும்வரை லீக் அலுவல்களிலிருந்து விலகி நிற்க வேண்டும். லீக் ஜேர்சியும் மைதானமும் பிரசாரத்துக்குப் போகக்கூடாது. வெளித்தலையீட்டின் விலை எமக்குத் தெரியும்: 2023 ஜனவரி 21 இல் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கும்வரை தேசிய அணிக்குச் சர்வதேசப் போட்டி இல்லை. லீக் அரசியலுக்குள் போகாமல், லீக்கில் பழகியவர் அரசியலுக்குப் போவதே நாம் விரும்புவது.

தீர்மானத்தின் வாசகத்தை இப்படி வைக்கலாம்: “லீக் நிர்வாகசபையில் மூன்று ஆசனங்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில் லீக்கில் பதிவுபெற்று விளையாடியவர்களுக்கு ஒதுக்கப்படும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். இவர்களைப் பதிவுபெற்ற வீரர்களே இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்வர். இவர்களுக்கு ஏனைய உறுப்பினருக்குரிய வாக்குரிமை முழுமையாக உண்டு. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் ஆசனம் வெறிதாகும்.” கழகமொன்று பிரேரித்து இன்னொன்று வழிமொழிய வேண்டும். இரண்டும் ஒரே கிராமத்துக் கழகங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாப்புத் திருத்தமாகையால் பொதுக்கூட்ட அறிவித்தலிலேயே முழு வாசகமும் இடம்பெற வேண்டும். அன்றைய கூட்டத்தில் “வேறு விடயங்கள்” என்பதன்கீழ் எழுப்பினால் செல்லாது. தேவையான பெரும்பான்மையும் முன்னறிவித்தல் நாட்களும் எவ்வளவு என்று உங்கள் யாப்பில் பார்த்து, பிரதியை மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தருக்கும் அனுப்பிவையுங்கள். காலபோக அறுவடை மாதத்தில் கூட்டம் வைத்தால் கோரம் சேராது. அதற்கு முன்போ பின்போ திகதி குறியுங்கள்.

இப்படிக்கு,
வன்னிப் பெருநிலப்பரப்பின் முன்னாள் வீரர்கள், நடுவர்கள், கழகச் செயலாளர்கள் சிலர்